முத்திரை இல்லாத பேனாக்கத்தி

தம்பி,

நீ கேட்ட ஆறு படங்களையும் எடுத்துவிட்டேன். வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமன் அளவுகளும் எடுத்தாயிற்று. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை அவற்றை நீ உன் கையேட்டில் சேர்க்கக் கூடாது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழைத்தபோதே சொல்ல நினைத்தேன். நீயோ பேனாக்கத்திகளின் கையேடு இன்னும் மூன்று வாரத்தில் அச்சுக்குப் போகிறது, அங்கே உன் சேகரிப்பாளர் குழுவில் இருக்கும் பதினோரு பேரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், முதல் பக்கத்திலேயே அப்பாவின் கத்தி வருகிறது, அந்த வகைக்குக் ‘கடலூர் வகை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரலை இவ்வளவு உற்சாகமாகக் கேட்டு நாளாயிற்று. நான் “சரிப்பா, அனுப்புறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் பேச்சில் எப்போதும் தைரியம் குறைவு. எழுதினால் பின்வாங்க முடியாது. தேவைப்பட்டால் இதை உன் குழுவினருக்கும் நீ மொழிபெயர்த்துக் காட்டலாம். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

அந்தக் கத்தி கம்பெனி மாடல் இல்லை. கம்பெனி தன் முத்திரையைக் குத்தும் வழக்கம் வருவதற்கு முன் செய்த ஆரம்பகாலக் கத்தி என்று நீ எழுதியிருப்பது தவறு. அதன் பெரிய பிளேடு கம்பெனியிலிருந்து வந்ததே இல்லை. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பட்டறையில், இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடைத் தீட்டிச் செய்தது. செய்யச் சொன்னது நான். அதனால்தான் பிளேடின் அடியில் முத்திரை இல்லை. கைப்பிடியின் சிவப்புத் தகட்டைக் கழற்றினால் தெரியும் என்று நீ கண்டுபிடித்த பித்தளை ஆணியும் அந்தப் பட்டறையில் போட்டதுதான். அன்றைக்குப் பட்டறைக்கார பாயிடம் அந்த அளவில் எஃகு ஆணி இல்லை.

நீ இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாய் என்று தெரியும். குடித்துவிட்டு வா. நான் வரிசையாகச் சொல்கிறேன்.

உனக்கு ஏழு வயது இருக்கும். அப்பாவின் தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஊருக்குத் திரும்பும்போது அந்தச் சிவப்புக் கைப்பிடிக் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மின்பிரிவில் மேற்பார்வை வேலை என்பதால் வயர் சீவ, திருகு முடுக்க என்று நாள் முழுக்க அது அப்பாவின் கையில் இருக்கும். வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்தச் சித்திரையில் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னை போனார். அங்கே வாசலில் கத்தியை உள்ளே விடமாட்டார்கள் என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் சிதம்பரத்தில் என் கல்லூரியில் கூட வேலை பார்ப்பவர் பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கிருந்து நம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரை அதை ரயிலில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டி முழுக்க வாசனை.

நான் பிறந்து வளர்ந்த சிதம்பரம் வீட்டில் பலாப்பழம் என்றால் தெருவில் விற்கும் சுளைதான். முழுப்பழத்தை யாரும் வாங்கியதில்லை. உன் அப்பா பண்ருட்டிப் பக்கம். கல்யாணம் ஆன முதல் வருடத்திலிருந்தே இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். “சிதம்பரத்துக்காரங்களுக்குச் சொளய எண்ணத்தான் தெரியும், பழத்த அறுக்கத் தெரியாது” என்பார், வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சேர்த்து. அவர் திரும்பி வரும்போது சுளைகள் தட்டில் தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அரிவாள்மனையில் பழத்தை இரண்டாகப் பிளந்துவிட்டேன். சடை நார்களுக்கு நடுவிலிருந்து சுளையை எடுக்க அரிவாள்மனை வசதிப்படவில்லை. சின்னதாக, கூர்மையாக ஒன்று வேண்டியிருந்தது. அலமாரியைத் திறந்தேன்.

கையிலும் கத்தியிலும் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது பண்ருட்டியில் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பலாவின் பால் கத்தியின் மடிப்புகளுக்குள் எல்லாம் இறங்கிப் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. மடக்க முடியவில்லை. சுடுதண்ணீரில் போட்டேன். இன்னும் கெட்டியானது. நான் தாவரவியல் படித்தவள். மரப்பால் தண்ணீரில் கரையாது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். வகுப்பில் அதையே இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். எப்படியோ பலம் கொடுத்து மடக்கி, மறுபடி திறக்க ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பினேன். பிளேடு அடியோடு முறிந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு சுளை தின்று, அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்தக் கதையை நீ இப்போதும் சிநேகிதர்களிடம் சொல்கிறாய். அதே பழத்தின் இன்னொரு கதையைத்தான் இப்போது கேட்கிறாய்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு முதுநகருக்கு பஸ் ஏறினேன். படகுகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களும் மீன் வெட்டும் கத்திகளும் செய்கிற சலீம் பாயின் பட்டறை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், குக்கர் கைப்பிடி உடைந்தபோது அப்பாதான் என்னை அங்கே அனுப்பினார். அவருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்ய அவருக்குத் தெரிந்த பட்டறைக்கே போயிருக்கிறேன், பார். பாய் முறிந்த துண்டை வைத்து அளவு பார்த்து ஒரு பிளேடு தீட்டினார். கொஞ்சம் தடிமனாக இருந்தது. மடக்கினால் கைப்பிடிக்கு வெளியே நூல் அளவு எழும்பி நின்றது. திறக்கும்போது கட்டைவிரலில் உரசியது. இதற்கு மேல் தேய்த்தால் வலு போய்விடும் என்றார் பாய். வாங்கி வந்து அலமாரியில் அதே இடத்தில் வைத்தேன். அப்பா வந்தார், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், எதுவும் கேட்கவில்லை. சுவிட்சு போர்டில் ஒரு வயரின் நிறம் மாறியிருந்தால் வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். எதையும் சும்மா நம்பாதவள் என்று பெயரெடுத்த நான், அவர் கவனிக்கவில்லை என்பதை மட்டும் உடனே நம்பிவிட்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

அடுத்த தவறுதான் பெரியது. ஆறு வருடம் கழித்து, உன் பதிமூன்றாவது வயதில், அப்பா வேலைக்குப் போன இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு பையில் சாப்பாட்டு டப்பா, கண்ணாடி, இந்தக் கத்தி மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டாய். அதன்பின் ஒன்றரை மாதம் நீ என்னோடு பேசவில்லை. பசிக்கிறதா என்றால் ‘ம்’, பள்ளிக்கூடம் போகிறாயா என்றால் ‘ம்’. நானும் பேச்சை வளர்க்கத் தெரிந்தவள் இல்லை.  ஒருநாள் மதியம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நீ வந்து எதிரில் நின்றாய். நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஏதோ ஒரு படப் புத்தகம் உன் கையில் இருந்தது.

“அம்மா, புக்குல எல்லாக் கத்திலயும் பிளேடு அடில முத்திர இருக்கு. அப்பாதுல இல்ல. அப்ப இது ரொம்பப் பழசா?”

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நீ பேசிய முதல் முழு வாக்கியம் அது. உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ‘இல்லை’ என்று சொன்னால் அது அணைந்துவிடும் என்று பயந்தேன். “இருக்கலாம்” என்றேன். நான் சொன்னது பொய் இல்லை என்று அப்போதே எனக்கு நானே வாதாடினேன். ஆய்வில் ‘இருக்கலாம்’ நேர்மையான சொல். தெரிந்துகொண்டே வீட்டில் சொல்லும் ‘இருக்கலாம்’ அப்படியில்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. நீ கேட்டாய் என்று செடிகளை வகைப்படுத்தும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு படியில் ஒரே கேள்வி, அதற்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில். முதல் கேள்வியை உன் நோட்டில் என் கையாலேயே எழுதினேன்: ‘பிளேடின் அடியில் முத்திரை உண்டா?’ உண்டு என்றால் வலப்பக்கம் போ, இல்லை என்றால் இடப்பக்கம் போ. இடப்பக்கக் கிளையின் முதல் எண் அப்பாவின் கத்தி. அந்த நோட்டுதான் வளர்ந்து வளர்ந்து இன்றைக்குக் கையேடாகியிருக்கிறது. கம்பெனியே ஒரு கடைக்காகச் சின்னம் பொறித்துக் கொடுத்தால் அது கம்பெனி மாடல், அதே சின்னத்தைக் கடைக்காரர் பிறகு தானே பொறித்துக்கொண்டால் அது கைவேலை மாடல் என்று நீ பிரித்ததைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பெருமை. கைப்பிடிக்குக் கொம்பும் மரமும் போட்ட கத்திகளுக்கு, செய்தவர் யார் என்று தெரிந்தால் ஒரு பிரிவு, தெரியாவிட்டால் ஒரு பிரிவு என்று வைத்தாய். நீ கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அதில் நான் குறை கண்டுபிடித்தபோது, “நீ எல்லாத்தயும் காயவச்சி அட்டைல ஒட்டியே பாக்குறம்மா, இதெல்லாம் ஆளுங்க பாக்கெட்ல இருந்த பொருளு” என்றாய். நன்றாகச் சொன்னாய். ஆனால் இடப்பக்கக் கிளையைப் பற்றி மட்டும் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, கவனித்தாயா? இப்போது அந்தக் கிளையில் வேறு நாடுகளில் இருக்கிறவர்களின் ஏழு கத்திகள் உட்கார்ந்திருக்கின்றன. முத்திரை இல்லை, பித்தளை ஆணி, ஆகவே கடலூர் வகை, ஆகவே கம்பெனி மாடல். அவற்றில் எத்தனை பேருடைய வீட்டில் எத்தனை பிளேடு முறிந்ததோ, யாருக்குத் தெரியும்.

இனி போன வாரம் நடந்தது. நீ சொன்னபடி வெர்னியரை எடுத்து அளந்தேன். பிளேடின் முதுகு, கம்பெனி மாடலைவிட பத்தில் நாலு பங்கு மில்லிமீட்டர் மெல்லியதாக இருந்தது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் அதே அளவு. நீயும் அதையே எழுதியிருக்கிறாய். ஆரம்பகாலத்தில் கம்பெனி மெல்லிய பிளேடு போட்டதற்கு அதுவே சான்று என்றும் சொல்கிறாய்.  என் நினைவில் இருப்பது தடிமனான பிளேடு. எழும்பி நின்று விரலில் உரசிய பிளேடு. இதுவோ மடக்கினால் இருக்கிற இடம் தெரியாமல் உள்ளே படுக்கிறது. அப்படியானால் எது தப்பு, வெர்னியரா, என் ஞாபகமா? ஒருவேளை அப்பா அந்தக் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கேயோ இன்னொன்றை வாங்கி வந்திருந்தால்? அப்போது நீ சொல்வதே சரி, நான் பதினெட்டு வருடம் வீணாக வெட்கப்பட்டேன். ஒரு நிமிடம் அப்படி இருந்துவிடக் கூடாதா என்றுகூட ஆசைப்பட்டேன். ஒரே ஒரு சாட்சியின் ஞாபகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆகவே சனிக்கிழமை கத்தியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு முதுநகருக்குப் போனேன்.

பட்டறை பெரிதாகியிருக்கிறது. இப்போது ஜன்னல் கிரில், அலுமினியக் கதவு எல்லாம் செய்கிறார்கள். பாய்க்குத் தாடி வெளுத்துவிட்டது. அப்பா காலமான செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. கத்தியை நீட்டி, இது நீங்கள் செய்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிளேடின் மடிப்பில் நகத்தால் தடவினார்.

“என் வேலதான் மேடம். ஒங்களுக்கு ஒரு வாட்டி செஞ்சேன், சாருக்கு ஒரு வாட்டி செஞ்சேன்.”

“சாருக்கா?”

பாய் கண்ணாடியைக் கழற்றினார். “அவுரு சொல்லவே இல்லியா? சொல்ல வேணாம்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு. இப்பச் சொன்னா கோச்சிக்கவா போறாரு.”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் வாங்கிப் போன ஒரு வாரத்தில் அப்பா வண்டியில் வந்திருக்கிறார். கத்தியைக் காட்டி, இது உங்கள் வேலைதானே என்று கேட்டிருக்கிறார். குறை சொல்ல வந்திருக்கிறார் என்று பயந்து, மேடம்தான் கொண்டுவந்தார்கள் என்று பாய் உளறிவிட்டார். அப்பா சிரித்தாராம்.

“‘நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க பாய், ஆனா கட்ட வெரல்ல உரசுது. எனக்குப் பரவால்ல, அவுங்க கைல பட்டா கிழிச்சிடும். இன்னும் கொஞ்சம் எளச்சிக் குடுங்க’ன்னாரு. வலு போயிடும் சார்னேன். ‘வயர் சீவ நான் வேற கத்தி வச்சிக்கிறேன், இது பழம் நறுக்கத்தான்’னாரு. நின்னு தேய்க்கச் சொல்லி விரல்ல வச்சி வச்சிப் பாத்தாரு மேடம். போவும்போது, ‘எனக்குத் தெரியும்னு அவுங்களுக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாங்க’ன்னாரு.”

பாய் டீ சொன்னார். குடித்தேனா என்று ஞாபகமில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தக் கோடையிலிருந்துதான் அப்பா வயர் சீவ வேறு ஒரு கறுப்புக் கத்தியை வைத்துக்கொண்டார், சிவப்புக் கத்தி வேலையில்லாமல் பையில் கூடவே போய் வரும். அந்தக் கோடையிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொய்யாவையும் மாம்பழத்தையும் என் முன்னால் வைத்து, யாரையும் தொட விடாத அந்தச் சிவப்புக் கத்தியைத் திறந்து என் கையில் கொடுத்து, “நீயே நறுக்கு” என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு நறுக்கினேன். ஒருமுறை, உங்களுக்குக் கை இல்லையா என்றுகூடக் கேட்டேன். இருக்கு, ஆனா ஒன்ன மாதிரி வராது என்றார். ஆறு வருடம் ஞாயிறு தவறாமல் அவர் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று. அடுத்த தை மாதம் உனக்குக் கல்யாணம். உடைத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அதைவிட முக்கியம், அவள் உடைத்தது உனக்குத் தெரிந்துவிட்டால் தெரியும் என்று சொல்லிவிடு. அப்பா செய்தது அன்பு இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. சனிக்கிழமையிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சங்கடப்படுத்தாமல் காப்பாற்றிக்கொண்டே இருந்துவிட்டோம். சேர்ந்து சிரித்திருக்க வேண்டிய ஒரு விஷயம் அது. ‘சிதம்பரத்துக்காரி என் கத்திய ஒடச்சிட்டா’ என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கலாம். அந்தக் கிண்டல் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது அதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கையேட்டுக்கு வருகிறேன். ‘கடலூர் வகை’ என்ற பிரிவை எடுத்துவிடு. மற்ற ஏழு பேருக்கும் நீயே எழுது, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் விசாரிக்கச் சொல். உன் பெயருக்கு இது ஒரு சறுக்கல்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தவறு நுழைந்த இடம் என் வாய். அதையும் அப்படியே எழுது. எங்கள் துறையில் காயவைத்த செடியின் அட்டையில் பெயர் தவறு என்று பிறகு தெரிந்தால், பழைய சீட்டை யாரும் கிழிக்கமாட்டார்கள். அதற்குக் கீழே புதிய சீட்டை ஒட்டி, திருத்தியவர் பெயரைப் போடுவார்கள். முதலில் என்னவென்று நம்பினோம் என்பதும் அந்தச் செடியின் வரலாறுதான். அதனால் உன் கத்திப் பெட்டியில் பதிமூன்று வயதுக் கையெழுத்தில் இருக்கும் ‘மிகப் பழையது, அப்பாவுடையது’ என்ற சீட்டை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே என் கையெழுத்தில் இன்னொன்று: ‘கைவேலை மாடல். பெரிய பிளேடு முதுநகரில் மாற்றப்பட்டது, மனைவி சொல்லி. ஒரு வாரம் கழித்து அங்கேயே மெலிதாக்கப்பட்டது, கணவர் சொல்லி.’ உன் அட்டவணையில் ‘எதற்காக’ என்று ஒரு கட்டம் இல்லை. சேர்க்கலாமா என்று யோசி.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேகரிப்பில் உள்ளவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டி மூடியில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நீ விமானம் ஏறிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அதை மீறிக்கொண்டிருக்கிறேன். நேற்றும் ஒரு கொய்யா நறுக்கினேன். திறக்கும்போது கட்டைவிரலில் உரசவில்லை. பதினெட்டு வருடமாக உரசவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறவள், இதை மட்டும் நான் கேட்டதே இல்லை.

அம்மா